போலிக் கண்டு

முனுசாமி நழுவிய வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியிலிருந்த இரண்டாவது சீட்டை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார்.

"இதையும் படிம்மா. அப்புறம் பேசு."

முதல் சீட்டு மகன் ஆனந்தின் மனைவி கலையரசியின் கர்ப்ப ரத்தப் பரிசோதனை. அதைப் பார்த்துத்தான் டாக்டர் சத்யப்ரியா சிரித்த முகமாக இருந்தார். திங்கட்கிழமை முந்நூற்றுப் பத்து. புதன்கிழமை அறுநூற்று நாற்பது.

"ரெண்டே நாள்ல டபுள், கலை. இந்த நேரத்துல கரு இப்படித்தான் வளரணும். இந்தத் தடவை நல்லா இருக்குது."

கலையரசி சிரிக்கவில்லை. இரண்டு தடவை கரு கலைந்தவள். நல்லா இருக்குது என்று முன்பும் ஒருவர் சொல்லக் கேட்டவள். அவள் மாமனாரைப் பார்த்தாள்.

மாமனார் அந்த எண்ணை நம்பவில்லை.

ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். இன்று ஒரு முழம், நாளை ஒரு முழம், மறுநாளும் அதே ஒரு முழம். வளர்வது என்றால் அவருக்கு அவ்வளவுதான். இரண்டு நாளில் இரட்டிப்பு என்றால் நாலு நாளில் நாலு பங்கு, எட்டு நாளில் பதினாறு பங்கு. அதற்குமேல் கணக்குப் போட அவருக்கு விரலும் போதவில்லை, பொறுமையும் போதவில்லை. எந்தப் பொருள் இப்படி வளர்கிறது? வயிற்றில் ஒன்றுமே இல்லாமல் எண்ணை மட்டும் ஏற்றிக் காட்டுகிறார்கள்.

ஜரிகை விஷயத்தில் அவரிடம் ஒரு வழி உண்டு. நெசவாளர் சங்கத்து மெஷினில் சோதிக்கக் கொடுக்கும் ஜரிகை நூல்கண்டுகளோடு, போலி என்று தனக்கு மட்டும் தெரிந்த கண்டு ஒன்றையும் கலந்துவிடுவார். அதைப் போலி என்று பிடித்துவிட்டால் மெஷின் நிஜம். மற்ற கண்டுகளுக்குச் சொன்னதும் நிஜம். அதையும் நல்ல ஜரிகை என்று சொல்லிவிட்டால், ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிடுவார்.

புதன்கிழமை கலையரசி ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்ததும், அந்த நாற்காலியில் அவரே உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எனக்கும் இதே டெஸ்ட்டு எடு."

"தாத்தா, இது புள்ளத்தாச்சிக்கு எடுக்கறது!" என்று லேப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும். எடு."

சைபர் வர வேண்டும். வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.

"எழுபத்திரண்டு வயசுக் கெழவன் முழுகாம இருக்கேனாம்" என்றார் முனுசாமி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "இன்னா டாக்டரம்மா, எனக்கு வளைகாப்பு எப்போ வைக்கலாம்?"

கலையரசியின் கை வயிற்றிலிருந்து மெல்ல இறங்கியது. அவர் சீட்டு பொய்யென்றால் அவள் சீட்டும் பொய்.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். பெயரைப் பார்த்தார். வயதைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

லேபுக்குப் போன் போட்டார். ரத்தம் எடுத்த டியூப் மாறிப்போகவில்லை. அவர்களுக்கே சந்தேகம் வந்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அதே எண்.

"ஐயா, உடம்பு எளைச்சிருக்கீங்களா?"

"அது கெடக்குது. மெஷின் பொய்யா இல்லியா, அத்தச் சொல்லு."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பொய் இல்லைங்க. கரு தங்கினா ரத்தத்துல ஏறுற சத்து இது. ஆம்பளைக்கு இவ்வளவு இருக்கக் கூடாது. இருக்குதுன்னா, உள்ள வேற ஏதோ கட்டி வளருதான்னு பாக்கணும். அதுவும் ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும் வளர்றதுதான். நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும், தள்ளிப் போடக் கூடாது."

வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடும் குரல் கேட்டது. கலையரசி, "மாமா" என்றாள்.

முனுசாமி இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். கண்டுகளைப் பார்ப்பதுபோல் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மருமகளின் சீட்டின்மேல் விரலை வைத்தார்.

"அப்போ இது நெசந்தானே?"

"நெசந்தாங்க."

அவர் அந்தச் சீட்டை மட்டும் நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். மற்றதைக் கலையரசி எடுத்துக்கொண்டாள்.

"ஆனந்துக்குப் போன் போடும்மா" என்றார். "நல்ல மெஷின்தான்னு சொல்லு."