கப்பலில் வந்த பென்டிரைவ்

“பார்மட் குடுத்தா சரியாயிடும்னு அதுவே சொல்லுதே தம்பி. குடுத்துடேன்.”

குழந்தைவேலு இப்படிச் சொன்னதும் கோகுல் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“பென்டிரைவ் சரியாயிடும் சார். உள்ள இருக்கிறது கத்தம். மொத்தமும் போயிடும்.”

“போனா போகுது,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

கோகுலுக்குச் சுருக்கென்றது. தீவில் ஜங்லிகாட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவனைச் சௌல்தாரியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வரச் சொன்னது இவருடைய மனைவி நீலாவதி. போனில் அவள் அழாத குறை. அவளுடைய அப்பா பரமக்குடியில் இறந்து முப்பத்திரண்டு நாள் ஆகிறது. அப்போது அவள் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். பிளைட்டும் கூடாது, கப்பலும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாவு வீட்டில் சித்தப்பா மகன் முத்துவீரன் மூன்று மணி நேரம் வீடியோ எடுத்திருந்தான். அவ்வளவு பெரிய வீடியோ வாட்ஸ்அப்பில் ஏறவில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் ஏறிய பக்கத்து வீட்டு நளினியிடம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினான். தீவில் இருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. போக முடியாத கல்யாணமும் சாவும் இப்படித்தான் யாராவது ஒருவர் பையில் வந்து சேரும்.

நீலாவதி சுவரைப் பிடித்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நேத்து நளினி குடுத்தப்ப கரண்ட் இல்ல. காலையில பார்த்துக்கலாம்னு இருந்தேன். எந்திரிச்சு போட்டா இப்படிக் கேக்குது. எடுத்துடலாமா தம்பி? கடைசியா ஒரு தடவை முகத்தப் பார்க்கணும். அவ்வளவுதான்.”

“பார்ப்போம் அக்கா.”

முன்பக்க போர்ட்டில் உப்புக்காற்றுக்குத் துரு ஏறியிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் செருகினான். அதே கேள்வி: பார்மட் செய்யவா? கம்ப்யூட்டருக்கு என்ன, அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆமாம் என்று அழுத்துகிறவன்தான் யோசிக்க வேண்டும். தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தான். அங்கேயும் அதேதான்.

“வெளிய எடுக்கும்போது இஜெக்ட் குடுத்துட்டு எடுத்தீங்களா?”

“நான் வெளிய எடுக்கவே இல்லையே,” என்று நீலாவதி கணவரைப் பார்த்தாள்.

“விடியக்காலம் இவ தூங்கும்போது நான் போட்டேன்,” என்றார் குழந்தைவேலு. “ஏதோ அவசரம். ஓடிட்டிருக்கும்போதே உருவிட்டேன்.”

“அதான் சார். புஸ்தகத்துல பொருளடக்கம் கிழிஞ்ச மாதிரி ஆயிருக்கு. எது எந்தப் பக்கத்துல இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல. பக்கமெல்லாம் உள்ளதான் இருக்கும். தேடி எடுக்கலாம். தோடா டைம் ஆகும், கொஞ்சம் பொறுங்க.”

ரெகவரி சாஃப்ட்வேரை ஓடவிட்டான். ஒன்று, இரண்டு என்று சதவீதம் நகர்ந்தது. நீலாவதி மாத்திரை போட உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் குழந்தைவேலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, கிடைக்கலன்னு சொல்லிடு.”

“எதுக்கு சார்? அக்கா பாவம்.”

“அப்பா போயிட்டார்னு சொன்ன அன்னிக்கே மயங்கி விழுந்தா. தையல் பிரிஞ்சு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். சுவர் இருந்தாத்தானே சித்திரம். எனக்கு அவ இருக்கணும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கோகுலுக்குக் கோபம்தான் வந்தது. என்னதான் பாசம் இருந்தாலும், பெற்றவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று இவர் எப்படி முடிவு செய்யலாம்? அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எண்பத்தொரு சதவீதத்தில் ஒரு வீடியோ தலைகாட்டியது. அதை லேப்டாப்பில் இறக்கி, சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டான். வாசலில் பந்தல். சங்கு ஊதுகிற ஆள். மாலையோடு வருகிறவர்கள். கேமரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெல்ல உள்ளே போனது.

கோகுல் சட்டென்று நிறுத்தினான். திரும்பிக் குழந்தைவேலுவைப் பார்த்தான். அவர் கைகூப்பினார்.

அவனுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நீலாவதி வரும் சத்தம் கேட்டதும் லேப்டாப்பைப் பாதி மூடினான்.

“கிடைக்கல அக்கா. மாஃப் பண்ணுங்க. வீடியோ முழுசா கராப் ஆயிடுச்சு. பார்மட் பண்றதத் தவிர வழியில்ல.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அவள் முகத்தைப் பார்க்காமல் பென்டிரைவைப் பார்த்துச் சொன்னான்.

நீலாவதி அழவில்லை. நிதானமாக நடந்து வந்து கணவரின் தோளில் கை வைத்தாள்.

“ஒரு மாசமா நீங்க தூங்கல. அம்மாகிட்ட போனக் குடுக்கச் சொன்னா, பேசுற நிலைமையில இல்லன்னே சொன்னீங்க. எனக்குத் தெரியாதாங்க?” என்றாள் அவரிடம்.

பிறகு கோகுல் பக்கம் திரும்பினாள். “அப்பா காரியத்தன்னிக்கு எங்க மாமாதான் அம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடணும் தம்பி. என்ன கலர் சேலை எடுத்தீங்கன்னு அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மனுஷன் பதில் சொல்லாம அழுதுட்டு வெச்சிட்டார். அப்பா முகத்த நான் அவர் போன அன்னிக்கே போட்டோல பார்த்துட்டேன். அந்த லேப்டாப்பத் திறந்து, அவர் பக்கத்துல படுக்க வெச்சிருக்கிற எங்கம்மாவக் காட்டுங்க.”