பழக எட்டு நாள்

கண்ணாடித் தொட்டிக்குப் புதிதாக வந்த பாம்பு, ஒரு வாரமாக உடைந்த பானைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. பக்கத்துக் கூண்டுக் கிளிக்குப் பொறுக்கவில்லை.

"வந்த அன்றைக்கே வீட்டுக்காரர் விரலைக் கடித்தாய். இப்போது ஒளிந்துகொண்டிருக்கிறாய். நான் முதல் வாரமே வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டேன், தெரியுமா?"

"எலியைத் தொட்ட கையோடு வந்தார். இரை எது, விரல் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

எட்டாம் நாள் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நடுங்காமல், பாம்பின் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார். பாம்பு நிதானமாக அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

"ஒருவழியாகப் பழகிவிட்டாய்," என்றது கிளி.

"பழகியது அவர்," என்றது பாம்பு.

மறுநாள் அவர் கிளிக்கூண்டுக்குள் விரலை நீட்டினார். கிளி வணக்கம் சொல்லவில்லை. விரல் சுத்தமாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.