உள்ளங்கையில் ஒரு மாத்திரை

இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க வேதவல்லி தினமும் மாத்திரை போடுகிறாள். முட்டி வலிக்கென்று கணவர் தணிகாசலம் வேறொன்றை அட்டையிலிருந்து பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். சில நாட்களாக அவள் தொடையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. இன்று குப்பையில் அந்த அட்டையைத் தேடியெடுத்துப் போய் மருந்துக்கடையில் காட்டினாள்.

"ஐயோ, ரெண்டும் சேரவே கூடாதும்மா! உள்ளுக்குள்ளயே ரத்தம் கசியும். சார்கிட்ட போன மாசமே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே," என்றார் கடைக்காரர்.

மாலையில் வழக்கம்போல உள்ளங்கை நீண்டது. மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

"முழுங்கிட்டியா?"

தலையசைத்தாள்.

"தலைய ஆட்டுனா எப்படி? பேசு," என்று சிரித்தபடி நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் தணிகாசலம். நாக்குக்கடியில் கசப்பு கரையத் தொடங்கியது.