பேஸ் மாற்றுபவர்

முதலில் எது நடந்தது என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

குமிழ் திரும்பிய சத்தம் கேட்டதா. அல்லது ஜன்னலுக்குள் ஃபேன் அசைந்ததைப் பார்த்தேனா.

என் வீட்டுக்காரரிடம் கேட்டால் சத்தமே வரவில்லை என்கிறார்.

அவர் அப்போது மோட்டார் கூண்டின் முன் குந்தி உட்கார்ந்திருந்தார். இடுப்பளவு உயரத்தில் ஒரு தகரக் கூண்டு. அதை ஒட்டி நீச்சல்குளம். எங்கள் முன்பக்க அறைகளில் தங்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டியது.

குளத்திலிருந்து வழிந்த தண்ணீர் அவர் பாதங்களுக்கு அடியில் பரவியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

சுவரில் புதிய டைமர். இனி காலையில் அதுவே மோட்டாரைப் போடும். அதுவே நிறுத்தும்.

அதுவரை அந்த வேலை மாமாவுடையது. இவருடைய அப்பா. கொஞ்ச நாளாகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். மோட்டார் சூடேறிக் கருகிய வாடை வந்த பிறகுதான் இவர் டைமர் வாங்கினார்.

வாங்கி வந்த அன்று மாமா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லயே மகுடு. சோறு போட வேண்டாத ஆளாப் பாத்துப் புடிச்சுட்டு வந்துட்ட."

இவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

இவர் கவனமானவர். பின்பக்கத்துக்குக் கரண்ட் வந்துகொண்டிருந்த பேஸின் பியூஸ் கட்டையைப் போர்டிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். யாரும் தெரியாமல் எடுத்துச் சொருகிவிடக் கூடாது. பிறகு ஒவ்வொரு வயரிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

எரியவில்லை.

மெயினையே இறக்கிவிடலாமே என்று கேட்டேன். ஃபிரிட்ஜில் நாளை வருகிறவர்களுக்கான பாலும் மாவும் இருக்கிறது, முன்பக்கம் ஓடட்டும், பின்பக்கம் மட்டும் நின்றால் போதும் என்றார்.

பின்பக்கம் என்றால் மோட்டாரும் மாமாவின் அறையும்.

மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார். எழுப்ப வேண்டாம் என்று நினைத்தோம்.

எங்கள் பக்கம் கோடையில் மதியமானால் வீட்டுக்குக் கரண்ட் வரும் மூன்று பேஸ்களில் ஏதாவது ஒன்று போய்விடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பியூஸ். ஃபேன் நின்றதும் மாமா எழுந்து நடையில் இருக்கும் போர்டுக்குப் போவார். அதன் குமிழைத் திருப்பி, கரண்ட் இருக்கிற பேஸுக்குப் பின்பக்கத்தை மாற்றுவார். வந்து படுத்துக்கொள்வார். கண்ணை முழுதாகத் திறக்காமலே இதைச் செய்வார்.

அத்தனை வருடப் பழக்கம்.

அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

நான் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எதிரே மாமாவின் ஜன்னல். உள்ளே ஃபேன் நின்றிருந்தது. ஓர் இறக்கையின் ஓரத்தில் தடித்த தூசி.

இவர் இடது கையில் வயரைப் பிடித்திருந்தார். உறை உள்ள இடத்தில். முனையில் செம்பு இழைகள் பிரிந்து நின்றன. அவற்றை முறுக்கிச் சேர்க்க வலது கை விரல்கள் நீண்டன.

தூசி நகர்ந்தது.

மெதுவாக. ஒரு பக்கமாக.

"கைய எடுங்க."

கத்தினேனா, சாதாரணமாகத்தான் சொன்னேனா. திருகாணிகள் தரையில் சிதறிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

விரல்கள் நின்றன.

அவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் ஃபேன் வேகம் பிடித்துவிட்டது. இறக்கைகள் தெரியவில்லை.

வயரை அப்படியே அந்தரத்தில் பிடித்தபடி வலது கையால் டெஸ்டரை எடுத்தார். செம்பில் வைத்தார்.

சிவப்பாக எரிந்தது.

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பியூஸ் கட்டை உள்ளேயே இருந்தது.

பின்வாசலில் மாமா வந்து நின்றார். கன்னத்தில் தலையணையின் கோடுகள்.

"என்ன அம்மிணி சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்கய்யா," என்றார் இவர். "தவளைங்க."

மாமா என்னைப் பார்த்தார். மகனின் வெறுங்காலைப் பார்த்தார். அதன் கீழே இருந்த தண்ணீரை. எரிந்துகொண்டிருந்த டெஸ்டரை.

பிறகு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் ஃபேன் நின்றது.

டெஸ்டர் அணைந்தது.

இவர் வயரைக் கீழே வைத்தார். நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"அய்யங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லீராத."

தலையாட்டினேன்.

அதன் பிறகு அவர் மெயினை இறக்கினார். போர்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். கால்களுக்குக் கீழே காய்ந்த பலகையைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வயரையும் தொடுவதற்கு முன், ஒவ்வொரு முறையும், டெஸ்டரை வைத்தார். பச்சை எர்த் வயரை மோட்டாரின் உடம்பில் இறுக்கினார். மின்கசிவு வந்தால் தானாக விழும் பிரேக்கரையும் மாட்டினார். பொழுது சாய்ந்துவிட்டது. பால் திரிந்துபோயிருந்தது.

டைமர் ஒழுங்காக வேலை செய்தது.

இரவுச் சாப்பாடு முடிந்தது. தட்டைக் கழுவப் போன என்னிடம் மாமா வந்து நின்றார். குழாயை நான் மூடும் வரை காத்திருந்தார்.

"இனிமே பேஸ் போச்சுன்னா நீயே மாத்திக்க, அம்மிணி."

சரிங்க மாமா என்றேன்.

அதற்கடுத்த கோடையில் மாமா இறந்தார். மாரடைப்பு. அதுவரை எந்த மதியத்திலும் அவர் அந்தப் போர்டின் பக்கம் போகவில்லை. வேர்க்க வேர்க்கக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார், நான் வரும் வரை.

இவர் இப்போது வயரிங் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார். அந்த ஆள் போகும் வரை கூடவே நிற்கிறார்.

முன்பக்க அறைகளுக்கு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகள் குளத்தில் குதிக்கிறார்கள்.

பேஸ் போனால் நான்தான் மாற்றுகிறேன். குமிழில் கை வைத்துக்கொண்டு, மாத்தட்டுமா என்று உரக்கக் கேட்கிறேன். பதில் வருவதற்காகக் கொஞ்சம் நிற்கிறேன்.

வீட்டில் நான் மட்டும் இருக்கும்போதும்.