முன்கேட்

நான் வேலைக்குப் போய் வாங்கிய வீட்டோடு தோட்டமும் ஒரு நாயும் வந்தன. அதே தோட்டத்தில் பதினோரு வருஷம் களை எடுத்தவள் அம்மா. பின்கேட் வழியாக வந்து பின்கேட் வழியாகவே போனவள். குடிவந்த அன்று எங்கள் ஆடுகள் இரண்டும் முன்கேட்டில் நுழைந்தபோது நாய் படுத்தே கிடந்தது. அம்மா காலை வைத்ததும் பாய்ந்து வந்து குரைத்தது. “ஆட்டுக்கு இருக்குற மரியாதை உனக்கில்ல, காத்தாயி” என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே அதே நாய் வாலாட்டியது. ஒரு மாதமாக அவளுக்குப் பின்பக்கம்தான். “வாயில்லா ஜீவன், அதுக்கு என்னடி தெரியும்” என்றாள். “அதுக்குத் தெரியலைன்னா போகட்டும். உனக்குமா தெரியல?” என்று கேட்டேன். இன்று அவள் கடைக்குப் போனதும் பின்கேட்டைப் பூட்டிவிட்டேன். திரும்பி வந்தவள் பூட்டை ஆட்டிப் பார்த்தாள், என்னைக் கூப்பிட்டாள், கடைசியில் முன்பக்கம் வந்து நிற்கிறாள். நாய் குரைக்கிறது. “வந்து நாயைப் பிடிடி” என்கிறாள். “உன் வீடும்மா” என்கிறேன், படியை விட்டு எழுந்திருக்காமல். பையைக் கீழே வைத்துவிட்டு முன்கேட்டின் கொண்டியில் கை வைக்கிறாள். நாய் குரைப்பதை நிறுத்தவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை.