வெறுங்கால்

கனடாவின் மொன்றியல் நகரில் இருநூறு வருடப் பழைய, ஜோர்ஜிய பாணியில் கட்டிய மாளிகை அது. சொந்தக்காரக் குடும்பம் மாடியில் இன்னும் வாழ்கிறது. கீழ்த்தளத்தை மட்டும் சனிக்கிழமைகளில் பார்க்க விடுவார்கள். கமலாவதி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கார மதாம் சுவரில் நின்ற மூதாதையரின் ஆளுயர ஓவியங்களைக் காட்டினார். “எங்கள் வம்சத்தில் ஒருவரும் இங்கே வெறுங்காலுடன் நின்றதில்லை. செருப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் வெளியேறுங்கள்.”

“இஞ்சாரும், போடுமன். மானம் போகுது,” என்றார் கணவர் பேரின்பநாயகம்.

“சனம் சீவிக்கிற வீட்டுக்குள்ள நான் செருப்போட நடக்கமாட்டன். துரத்தட்டும், பாப்பம்.”

துரத்துவதற்காக மதாம் கதவைத் திறந்தார். கமலாவதியின் செருப்புக்குப் பக்கத்தில் வெள்ளிக் கொக்கி வைத்த பழைய சப்பாத்துகள் வரிசையாக இருந்தன.

உள்ளே ஓவியங்களில் இப்போது எல்லோரும் வெறுங்காலுடன் நின்றார்கள். கடைசி ஓவியத்தில் மதாமின் தகப்பனார் மட்டும் குனிந்து, சப்பாத்து நூலை அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.