மூன்று பேர் தூக்கும் பெட்டி

மச்சான் மறுபடியும் பாறைக்குப் பின்னால் போனான்.

"வயித்தைக் கலக்குது மாப்ள. யாரும் பின்னாடி வந்துறாதீங்க," என்றான். போகிற போக்கில் ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான்.

வயிறு கலக்குகிறவனுக்கு மிட்டாய் எதற்கு?

நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். நெஞ்சு துருத்தி மாதிரி அடித்துக்கொண்டது. பேச வரவில்லை. சந்தேகப்பட மூச்சு தேவையில்லை.

நாலு வாரமாக ஞாயிறு காலையில் இந்த மலை. நாலு வாரமும் மூன்று இடத்தில் அவனுக்கு வயிறு கலக்குகிறது. அதுவும் ஏற்றம் செங்குத்தாகிற இடங்களில். சமதளத்தில் அந்த வயிறு சமர்த்தாக இருக்கிறது. கிடங்கில் ஆறு நாளும் அதற்கு ஒரு குறையும் இல்லை.

போனால் திரும்பி வர ஒரே அளவு நேரம். அவசரமாக இழுத்தால் ஒரு சிகரெட் முடிகிற நேரம்.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாக அதே கணக்கில்தான் வேலைக்கு நடுவே ஓய்வெடுத்தோம்.

நாங்கள் மூவரும் ஒரே கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிறவர்கள். நான், என் மனைவியின் அண்ணனான மச்சான், அப்புறம் கிரேன்காரன். அது பட்டப்பெயர். கிடங்குக்குக் கிரேன் வருவதற்கு முன் அவன்தான் கிரேன்.

போன மாதம் கம்பெனி டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூன்று பேருக்குமே காற்று போதவில்லை. எனக்கு ரொம்ப. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி ஊத வேண்டும். குழாயிலிருக்கும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாவிட்டால் கிடங்குக்குள் கால் வைக்க முடியாது. டாக்டர் கொடுத்த சீட்டில் அப்படித்தான் இருந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

அன்றைக்கே சிகரெட்டை விட்டோம். மலையேறுவது என்று முடிவானது. சபதத்துக்குக் கிடங்கு விதியையே வைத்துக்கொண்டோம்.

மூன்று பேர் தூக்கும் மரப்பெட்டியில் ஒருவன் கையை விட்டால் மற்ற இருவரும் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு முதுகு போய்விடும். அதனால் கை வழுக்கும்போதே "நழுவுது" என்று குரல் கொடுக்க வேண்டும். முடிந்தால் மற்றவர்கள் தோள் கொடுப்பார்கள்.

சிகரெட்டுக்கும் அதே. ஒருவன் பிடித்தால் மூன்று பேரும் பிடிக்கலாம்.

கிரேன்காரனை நான் சந்தேகப்படவில்லை. விடிந்ததும் வெந்நீர் குடிக்கிறான். பச்சைக் காய்கறி தின்கிறான். "இன்னும் ரெண்டு வாரம் போனா நான் ம்மேன்னு கத்தப்போறேன்டா," என்று சொல்லிக்கொண்டே தின்கிறான். உண்மையிலேயே விட்டவன் இப்படித்தான் புலம்புவான்.

மச்சான் புலம்புவதே இல்லை. அதுதான் இடித்தது.

கெட்ட பழக்கம் கூப்பிடாமலே வந்து வீட்டில் படுத்துக்கொள்ளும். நல்ல பழக்கத்தைக் கையைக் காலைப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டும். இவனிடம் மட்டும் அது எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது?

போன வாரம் இறங்கும்போது பாறைக்குப் பின்னால் தேடிப் பார்த்தேன். ஒரு துண்டுகூடக் கிடக்கவில்லை. பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறானோ? கைகொடுத்துத் தூக்குவதுபோல் அவன் விரலைப் பிடித்து முகர்ந்தேன். சோப்பு வாசனை. ஞாயிற்றுக்கிழமை மலைக்கு எவன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவான்?

வீட்டில் சொன்னேன். "எங்கண்ணனை விடுங்க. உங்களைப் பாருங்க," என்றாள்.

கிரேன்காரன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். இன்னும் கொஞ்சம் உட்காரு என்று சொல்லவில்லை. முதல் வாரம் ஒரு தடவை சொன்னான். "என்னைக் கிழவன்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டுப் பாதி மலையிலேயே நான் இறங்கத் தொடங்கினேன். அதிலிருந்து யாரும் என்னை உட்காரச் சொல்வதில்லை.

நான் எழுந்தேன்.

"எங்கடா போற?"

"அவன் வயித்தைப் பாத்துட்டு வரேன்."

கால்சட்டைப் பை சத்தம் போடாதபடி ஒரு கையால் அமுக்கிக்கொண்டு பாறையைச் சுற்றினேன். காற்று என் பக்கம்தான் வீசியது. புகையைத் தேடினேன். புதினா மட்டும் வந்தது.

கெட்டிக்காரன்.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். நெஞ்சு மறுபடி வேகமாக அடித்தது. இந்தத் தடவை மலையால் இல்லை.

மச்சான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்காலின்மேல். விரலிடுக்கில் ஒன்றும் இல்லை. காலடியில் சாம்பல் இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மந்திரமோ என்று நினைத்தேன்.

"அறுபத்தேழு... அறுபத்தெட்டு..."

என் காலில் ஒரு சரளைக்கல் இடறி உருண்டது. அவன் திரும்பவில்லை.

"நூறு ஆகலையே மாப்ள. அதுக்குள்ள உனக்கு மூச்சு வந்துருச்சா?"

பையை அமுக்கியிருந்த என் கை தானாக விலகியது.

உள்ளே தீப்பெட்டி குலுங்கியது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு சிகரெட். அவன் கையை விடுகிற நாளுக்காக, நாலு வாரமாக நசுங்காமல் காப்பாற்றி வைத்திருந்தது.

அந்தச் சத்தத்தை இருபத்தாறு வருஷம் கேட்டவன் அவன். அப்போதும் திரும்பவில்லை.

"நழுவுது," என்றேன்.

மச்சான் கல்லில் நகர்ந்து இடம் விட்டான். நான் உட்கார்ந்ததும் அவன் தோள் என் தோளை முட்டிக்கொண்டு நின்றது.

"ஒண்ணு," என்று மறுபடி தொடங்கினான்.